ஐஎல்-18 கிட்டை வெட்டி ஐஎல்-38 ஆக்குற வேலை, இதுவரைக்கும்

கையில இருக்கறது 1/144 ஸ்கேல் பிளாஸ்டிக் மாடல் கிட், ஐஎல்-18ங்கற சோவியத் பயணிகள் விமானம். எனக்கு வேண்டியது நம்ம நேவி கோவா டபோலிம்ல, ஐஎன்எஸ் ஹன்சா விமானத்தளத்துல வச்சிருந்த ஐஎல்-38, அதாவது ஐஎல்-18ஐ மாத்தி செஞ்ச நீர்மூழ்கி தேடுற விமானம். ஜன்னலை அடைச்சு வால்ல ஒரு குச்சி ஒட்டினா ஆச்சுன்னு சிலர் சொல்வாங்க, ஆனா ரெண்டு டிராயிங்கையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா இறக்கை இருக்கற இடமே வேற. ராடார், கன்சோல், அதுல உட்கார்ற ஆளுங்கன்னு கனமெல்லாம் முன்பாதியில போயிடுச்சு, பின்பக்கம் பெரும்பாலும் காலி, அதனால இறக்கையையே 3 மீட்டர் முன்னாடி நகர்த்திட்டாங்க. அமெரிக்காக்காரனும் எலெக்ட்ரான்னு ஒரு பயணிகள் விமானத்தை எடுத்துத்தான் தன்னோட நீர்மூழ்கி தேடுற விமானம் பி-3 ஓரியனைச் செஞ்சான், அவன் இறக்கைக்கு முன்னாடி 7 அடி வெட்டியே எடுத்துட்டான்.

3 மீட்டர்னா நம்ம ஸ்கேல்ல 21 மி.மீ. உடம்பு நடுவுல ஒரே பருமனா இருக்கறது பெரிய புண்ணியம். இறக்கைக்கு முன்னாடி 21 மி.மீ. வளையம் ஒண்ணை ரேசர் ரம்பத்தால அறுத்து எடுத்து, அதையே இறக்கைக்குப் பின்னாடி சொருகிட்டேன். சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி அதோட ஓரத்தைப் பிடிச்சே அறுத்தா கோடு கோணாது, உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டை ஒட்டினா மூட்டு அசையாது. ஜன்னலுக்கு பட்டி போட்டு, காயவிட்டு, தண்ணி தொட்டு எமரி தேய்ச்சு, மறுபடி பட்டி. இது சலிப்பு பிடிச்ச வேலை, பாட்டு போட்டுக்கிட்டு செய்யுங்க.

வால் குச்சிக்கு காது பட்ஸ் தண்டு அளவா இருக்கு. அதுக்குள்ளதான் நிஜத்துல காந்தமானி இருக்கும், தண்ணிக்கடியில நீர்மூழ்கி இருந்தா பூமியோட காந்தப்புலத்துல வர்ற சின்ன மாறுதலைப் பிடிக்கும், விமானத்தோட சொந்த இரும்பு குழப்பக்கூடாதுன்னுதான் அவ்வளவு தள்ளி. அடிவயித்து ராடார் புடைப்புக்கு ஐஸ்க்ரீம் ஸ்பூனோட குழிவை வெட்டினேன். நான் பண்றது சீ டிராகன்ங்கற புது தேடல் கருவித் தொகுதி போட்ட எஸ்டி ரகம், அதுக்கு காக்பிட்டுக்குப் பின்னாடி தலையில கூடை சுமக்கற மாதிரி ஒரு ஆன்டெனா பெட்டி வேற இருக்கு, இன்னும் தொடல.

பெட்டியில வந்த ஏரோஃப்ளோட் (சோவியத் விமான கம்பெனி) டீகல், அதாவது ஒட்டுப்படம், வீணாப் போகுதேன்னு கொஞ்சம் மனசு கேக்கல. 1957 ஜூலைல முதல்ல பறந்து 1959ல பயணிகளை ஏத்த ஆரம்பிச்ச விமானம், 1961 ஏப்ரல் 14 அன்னிக்கு ககாரினை மாஸ்கோவுக்குக் கூட்டிட்டு வந்ததும் ஒரு ஐஎல்-18தான். அதே வருஷம் டிசம்பர்ல ஒண்ணு அண்டார்டிகா வரைக்கும் போச்சு. கிழக்கு ஜெர்மனியோட ஒண்ணு நெதர்லாந்துல டியூஹாங்கற ஊர்ல இப்போ ஹோட்டல் ரூம். இன்னொரு பக்கம் அதே உடம்புல ஒட்டுக்கேக்கற ஐஎல்-20எம் செஞ்சு, 2018 செப்டம்பர்ல சிரியா ஏவுகணையே அதுல ஒண்ணைத் தப்பா சுட்டு 15 பேர் செத்தாங்க. பறக்கற கமாண்ட் போஸ்ட் ஐஎல்-22ம் இந்தக் குடும்பம்தான்.

மாடல்ல போடற விமான நம்பர் 301ன்னு முடிவு பண்ணிட்டேன். 1977ல வந்து 2022 ஜனவரில ஓய்வு பெற்றது. மொத்த ஐஎல்-38ஐயும் 2023 அக்டோபர்ல நிறுத்திட்டாங்க. 2002 அக்டோபர் 1, அதை ஓட்டின நேவி ஸ்குவாட்ரனோட 25வது வருஷ நாள்ல ரெண்டு ஐஎல்-38 வானத்துலயே மோதி அதுல இருந்த 12 பேரும், கீழே இருந்த 3 பேரும் இறந்துட்டாங்க, அந்த ரெண்டோட நம்பரை மாடல்ல போட எனக்கு இஷ்டமில்ல.

இப்போதைய தலைவலி எடை. நிஜ விமானத்துல முன்னாடி கனம், அதனால இறக்கை நகர்ந்துச்சு. என் பிளாஸ்டிக்ல அந்த ராடாரும் இல்ல ஆளும் இல்ல, இறக்கை மட்டும் நகர்ந்திருக்கு, சக்கரம் வச்ச உடனே வாலைத் தரையில போட்டு உட்கார்ந்துடும். டேப் போட்டு தற்காலிகமா நிக்க வச்சுப் பாத்ததுல ஐஎல்-18க்கு வேண்டியதைவிட நல்லாவே அதிகமா ஈயம் கேக்குது, மூக்குல அவ்வளவு இடம் இல்ல. தூண்டில் ஈயத்தை சுத்தியலால தட்டித் தகடாக்கி காக்பிட் தரைக்கடியில ஒட்டப்போறேன், மீதி ராடார் புடைப்புக்குள்ள போகும். அது முடிஞ்சாத்தான் உடம்பை மூடி கிரே அடிக்க முடியும், புரொப்பெல்லர் நாலும் அதுக்கப்புறம்.