பத்மநாபன் கோபுரத்தில் இறங்கிய சூரியன்

மார்ச் 20, 21 வாக்கில் திருவனந்தபுரம் போக வாய்த்தால், மாலை ஐந்தரைக்கே பத்மநாபசுவாமி கோயில் கிழக்கு நடைக்கு வந்துவிடுங்கள். கோபுரத்தை நேர் எதிரே பார்த்தபடி தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நானும் மாமியாரும் போனபோது அந்த நேரத்துக்கே நல்ல கூட்டம். வானம் தெளிவாக இருக்கணுமே என்று எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்.

ஏழு நிலைக் கோபுரம், சுமார் 100 அடி. நிலைக்கு ஒன்றாக நடுவில் மேலும் கீழுமாகத் திறப்புகள். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் இந்த நாட்களில் சூரியன் நேர் மேற்கில் மறைவதால், மேலே ஒரு திறப்புக்குள் செம்பொன்னாக வந்து நிற்கிறது, சில நிமிடத்தில் மறைந்து அடுத்ததற்குள் இறங்குகிறது, அப்புறம் அதற்கும் கீழே. இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை டிகிரியில்தான் இருக்கிறது, அதனால் சூரியன் அதிகம் சாயாமல் செங்குத்தாகவே இறங்கும். கோயிலைத் திசை பிசகாமல் கட்டியவர்களை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. "சூரிய நாராயணா" என்று மாமியார் கூப்பிய கையை எடுக்கவே இல்லை.

தீபாராதனைக்குப் பிறகு உள்ளே போனோம். 12,008 சாளக்கிராமங்கள் கொண்டு செய்து, கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைக் கலவை பூசிய 18 அடித் திருமேனி, அனந்தன் மேல் பள்ளிகொண்டிருக்கிறது. முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக் கமலம், மூன்றாவதில் திருவடி. வெளியே ஒவ்வொரு நிலையாகச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே ஒவ்வொரு வாசலாகப் பெருமாளைப் பார்த்தபோது இரண்டும் ஒரே தரிசனமாகத்தான் எனக்குத் தோன்றியது.

"அப்போ விஷுவை ஏன் ஏப்ரல்ல கும்பிடுறோம்?" என்று மாமியார் கேட்டார். நல்ல கேள்வி. கேரளப் புத்தாண்டான விஷுவின் பெயரே பகலும் இரவும் சமமாகும் நாளைத்தான் குறிக்கிறது. சுமார் 1,700 வருடங்களுக்கு முன் அந்தச் சமநாளும் விஷுவும் ஒரே சமயத்தில்தான் வந்தன. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால் நட்சத்திரக் கணக்கில் வரும் விஷு, சமநாளிலிருந்து 72 வருடத்துக்கு ஒரு டிகிரி, அதாவது ஏறக்குறைய ஒரு நாள் என்று நகர்ந்து, இன்று 24 நாள் வித்தியாசம் வந்துவிட்டது. "ரெண்டு நாளும் கும்பிட்டுக்கலாம்" என்றார். சரிதானே!

ஆண்களுக்கு வேட்டி கட்டாயம், சட்டை கூடாது. பெண்கள் சேலை கட்டிக்கொண்டு போங்கள். செப்டம்பர் 22, 23-லும் இதே காட்சி உண்டு, ஆனால் அப்போது மழை மேகம் மறைத்துவிடலாம், அதனால் மார்ச்சில் போவதே நல்லது.