மாலை நாலு மணிக்கு எடுத்த ரத்தம்

சோர்வு, ஆசைக் குறைவு, கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. இதைச் சொல்லத்தான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்து மாலை நாலு மணிக்குப் போய்க் கையை நீட்டினேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 7.6 நேனோமோல், குறைவு. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார். நல்லவேளை, ஸ்கேனில் விரைப்பையின் இடது பக்கம் நரம்புச் சுருட்டல், அதாவது ரத்த நாளங்கள் வீங்கிச் சுருளும் வெரிகோசீல், தெரிந்ததால் யூராலஜிஸ்டிடம் அனுப்பினார்.

யூராலஜிஸ்ட் என் ரிப்போர்ட்டில் நேரத்தைப் பார்த்ததுமே அதை ஓரமாக வைத்துவிட்டார். காலையில்தான் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்குமாம். பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுக்க வேண்டுமாம். எடுத்தேன்: 9.3, 9.1. அப்போதும் குறைவுதான். வெரிகோசீலில் தேங்கும் ரத்தத்தின் சூடு விந்தணுவை மட்டுமல்ல, ஹார்மோன் சுரக்கும் செல்களையும் வாட்டும் என்றார்.

ஊசி பற்றிக் கேட்டேன். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. குழந்தை வேண்டும் என்று போனவனுக்கு முதலில் நீட்டிய மருந்து அது!

அப்புறம் வெரிகோசீல் ஆபரேஷனுக்கு மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு. அனுமதி மறுப்பு. மூன்று முறை போன் போட்டும் 'உங்கள் திட்டத்தில் இல்லை' என்ற ஒரே பாட்டு. ஆபரேஷன் தேதியும் போனது. கடைசியில் விண்ணப்பத்தை நானே வரி வரியாகப் படித்தேன். நோய்க் குறியீடு என்46 என்றிருந்தது, அதாவது ஆண் மலட்டுத்தன்மை. அதற்கு என் திட்டத்தில் பணம் கிடையாது. வெரிகோசீலுக்கு ஐ86.1. டாக்டர் அறையில் சொல்லி மாற்றினேன்; இரண்டே நாளில் அனுமதி வந்தது. கையெழுத்துப் போடும் முன் அந்தக் குறியீட்டுக் கட்டத்தைப் பாருங்கள்.

மைக்ரோஸ்கோப் ஆபரேஷன் முடிந்து மாலையே வீடு. கனம் தூக்கக் கூடாது என்பதால் அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி இல்லை. பக்கத்து வீட்டு ஆயாவிடம் ஹெர்னியா என்றேன். மறுநாள் கோயில் முழுக்க ஹெர்னியா.

மூன்று மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு: 12.4. முதலிலேயே குறைவாக இருப்பவர்களுக்குத்தான் இப்படி ஏறும், அதுவும் எல்லோருக்கும் இல்லை என்றார் டாக்டர். சோர்வு பாதி போயிருக்கிறது. அடுத்த வாரம் விந்துப் பரிசோதனை. எத்தனை நாள் விலகி இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இந்த முறை நானே போனில் கேட்டு எழுதி வைத்துவிட்டேன்.