புருவம் ஏறிய கதை

ஐம்பதைத் தொட்டபின் என் இடப் புருவத்தின் வெளி ஓரம் இமைமீது சரிந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்காகூடத் "தூக்கமில்லையா?" என்று கேட்கத் தொடங்கியதால், பங்சாரில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். அழகியல் சிகிச்சை செய்ய மருத்துவர்களுக்குச் சுகாதார அமைச்சு தரும் எல்சிபி சான்று அவரிடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன்; அழகு நிலையங்களில் மலிவாக ஊசி போட்டுக்கொள்வோரை நினைத்தாலே எனக்குப் பதறும்.

புருவத்தைக் கீழிழுக்கும் தசையைப் போடோக்ஸ் ஊசிமருந்து தளர்த்திவிட, நெற்றித் தசை எதிர்ப்பின்றி மேலே இழுப்பதால் சில மில்லிமீட்டர் உயர்வு கிடைக்கிறது. அது 3 அல்லது 4 மாதங்களே நிற்கும். கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தித் தூக்கும் முறையையும் விளக்கினார், நான் துணியவில்லை.

எறும்புக் கடிபோல் குத்திய ஊசியின் முழுப் பலன் தெரிய 2 வாரங்கள் ஆயின. பூக்கடை அக்கா இப்போது மல்லிகை எத்தனை முழம் என்று மட்டும் கேட்கிறார்.