‘பறக்கும் தட்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

நான்கு நாள் அலைச்சலுக்கு அப்புறம் ஒருவழியாகப் புகார் பதிவாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ‘பறக்கும் தட்டு போன்ற பொருள்’ என்று படிவத்தில் எழுதிக் காரியத்தைக் கெடுத்தது நான்தான்.

அணுமின் நிலையத்தை ஒட்டிய சாலையில் வந்தபோது இரவு 7.40. மூன்று வெளிச்சங்கள். இரண்டு புகைபோக்கியைச் சுற்றி வந்தன, ஒன்று மேற்கே அசையாமல் நின்றது. காவல் நிலைய எழுத்தர் படிவத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்ட, இருவரும் சிரித்தார்கள். “இதெல்லாம் பிளாண்ட் செக்யூரிட்டிகிட்ட சொல்லுங்க சார்.”

பிளாண்ட் வாசலில் யாரும் சிரிக்கவில்லை. “இங்க எதுக்கு வீடியோ எடுத்தீங்க?” என்று இரண்டு மணி நேரம் துருவினார்கள். புகார் கொடுக்கப் போனவன் சந்தேக நபராகிவிட்டேன்! கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அவர்கள் கேட்டதில் தப்பில்லை. 2014-ல் பிரான்சின் அணுமின் நிலையங்கள் மேல் அடுத்தடுத்து ட்ரோன்கள் பறந்தன. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் பாலோ வெர்டே நிலையத்தின் மேல் இரண்டு இரவுகள் பறந்தன; விட்டது யாரென்று தெரியாமலே விசாரணை முடிந்தது. பல நாடுகளில் இந்த வளாகங்களைப் படம் பிடிப்பதே தடை. வேலியோரம் நின்று ஜூம் செய்யாதீர்கள்.

அத்தனை பாடுபட்டு எடுத்த வீடியோவும் உதவவில்லை. நண்பனுக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று அசலை அழித்திருந்தேன். திரும்பி வந்த கோப்பு சுருங்கி, எடுத்த நேரம், இடம் எதுவும் இல்லாமல் இருந்தது. அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். அசலைத் தொடாதீர்கள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே சாலையில் போய் நின்றேன். மேற்கு வெளிச்சம் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. வெள்ளிக் கிரகம்! புகார் எழுதும் முன் வான வரைபட ஆப் ஒன்றைத் திறந்து பாருங்கள், மானம் மிஞ்சும். நம்மை நோக்கி நேராக வரும் விமானமும் அந்தரத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும். வரிசையாக ஒரே திசையில் ஊரும் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

இரண்டாவது படிவத்தில் ‘ட்ரோன்’ என்றுகூட எழுதவில்லை. ‘அடையாளம் தெரியாத இரண்டு வெளிச்சங்கள், சிவப்பும் பச்சையும், ரீங்காரச் சத்தம், வடகிழக்குத் திசை, ஆறு நிமிடம்.’ உயரத்தை மீட்டரில் அடித்துவிடவில்லை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. ‘அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி, சுமார் 20 டிகிரி’ என்று எழுதினேன். நான் நின்ற இடத்தைக் குறித்த வரைபடம் ஒன்றையும் இணைத்தேன்.

அதே எழுத்தர்தான். இந்த முறை முழுதாகப் படித்தார், பழைய படிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“அதுல மூணுன்னு இருக்கே சார், இன்னொண்ணு எங்க?”

“அது வெள்ளிக் கிரகம் சார்.”

மறுபடி சிரித்தார். சிரித்துக்கொண்டே பதிவு எண்ணை எழுதிக் கொடுத்தார்.