கார்த்திகை ஒன்றும் கை நடுக்கமும்

ஐப்பசி கடைசி ராத்திரி ஆசை தீரக் குடித்துவிட்டு, விடிந்ததும் குளித்து மாலை போட்டுக்கொள்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. எப்போதாவது குடிப்பவருக்கு இதில் வம்பில்லை. தினமும் குடிப்பவருக்குத்தான் சிக்கல். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்றிருக்கும். சுத்த ஆல்கஹாலாகக் கணக்குப் போட்டால் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இது தினமும் தரும் மந்தத்தை ஈடுகட்ட, மூளை முடுக்கிவிட்ட நிலையிலேயே ஓடப் பழகியிருக்கும். சரக்கை நிறுத்தினால் பிரேக் போய்விடுகிறது, வேகம் அப்படியே இருக்கிறது.

கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். டீ டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் சட்டையில் சிந்தும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வாழ்நாளில் வலிப்பே வராதவருக்கும் வரும். அதையும் தாண்டி மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குச் சித்தம் குழம்பும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவார். பார்த்த தொழிலைக் கை வெறுங்காற்றில் செய்யும்: தையல்காரர் ஊசி கோப்பார், டிரைவர் கியர் மாற்றுவார். கழுத்தில் மாலை கிடப்பதால் ‘சாமி வந்திருக்கு’ என்று விபூதி பூசி உட்கார வைத்துவிடுகிறார்கள். உடம்பு கொதித்து, நாடி தறிகெட்டு ஓடும் அந்த நேரத்தில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. விட்டால் உயிர் போகும்.

‘போன வருஷம் ஒன்னும் ஆகலையே?’ என்பார்கள். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் விளைவு கடுமையாகிக்கொண்டே போகலாம். போன வருஷக் கணக்கு இங்கே செல்லாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் தண்ணீர் எதுவும் வேண்டாம். மணி பார்த்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம்மூரில் சோர்ந்து கிடப்பவருக்கு முதலில் கேட்பது ‘ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க’. குடிநோயாளிக்கு வைட்டமின் பி1 (தயமின்) ஏற்கெனவே வற்றியிருக்கும். குளுக்கோஸைச் செரிக்க இருப்பதும் செலவாகிவிடும். கண் ஒருபக்கம் நிலைக்காமல், நடை தள்ளாடி, பிறகு ஞாபகமே நிரந்தரமாக அழியும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் தயமின் ஊசியைத் தாமதிக்காமல், கூடுமானவரை குளுக்கோஸுக்கு முன்பே போடுவார்கள். ஊசி போடுபவரிடம் ‘தினமும் குடிப்பவர்’ என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஐப்பசியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதுதான் சரியான வழி. தினசரி அளவு, கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் கேட்பார்கள். நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து ஒரு வாரம், பத்து நாளில் நிறுத்துவார்கள். அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கிச் சரக்கோடு போட்டால் மூச்சு அடங்கிவிடும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

மலையிறங்கி மாலை கழற்றியதும் பழைய அளவிலேயே ஆரம்பிப்பது இன்னொரு கூத்து. 48 நாளில் உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். அப்போது வீட்டில் இருப்பவர்கள், ‘அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலக்கலாம்’ என்று விற்கும் பொடியைத் தேடுகிறார்கள். சரக்கை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தூளாக்கிக் கலப்பவர்களும் உண்டு. விஷயம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அது உள்ளே போயிருப்பது தெரியாமல் சரக்கடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். கலப்பதை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை இது நடக்கலாம்.