1951 செவர்லே 3100: பெயின்ட் பளபளத்தது, நம்பர்தான் ஒத்துப்போகவில்லை

"முழுக்க ரெஸ்டோர் செய்தது, எல்லாப் பேப்பரும் ரெடி" என்று ஜார்ஜியாவிலிருந்து விற்பனைக்கு வந்த 1951 செவர்லே 3100 பிக்கப் ஒருவழியாகக் கலிஃபோர்னியா நம்பர் வாங்கிவிட்டது. விளம்பரத்தின் முதல் பாதி முக்கால்வாசி உண்மை. இரண்டாவது பாதிதான் உயிரை எடுத்தது. விலை பேசுவது, பணம் அனுப்புவது எல்லாம் தெரிந்த கதை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் பேப்பர். ஜார்ஜியாவில் 1985 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், கிடையாது. கடைசியாக வைத்திருந்தவர் பெயரில் உள்ள ரெஜிஸ்ட்ரேஷனும், டி-7 என்கிற விற்பனைச் சீட்டும்தான் உரிமைக்கு ஆதாரம். டைட்டில் இல்லை என்றதும் பதற வேண்டாம். ஆனால் ரெஜிஸ்ட்ரேஷனில் இருக்கும் பெயரும் உங்களுக்கு விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால், நடுவில் கைமாறிய ஒவ்வொருவரிடமிருந்தும் விற்பனைச் சீட்டு வேண்டும். லாபத்துக்கு வாங்கி விற்பவர்கள் தங்கள் பெயருக்கு மாற்றாமலேயே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது சர்வ சாதாரணம்.

பெயர் இந்த வண்டியில் சரியாகத்தான் இருந்தது. நம்பர்தான் உதைத்தது. 17 இலக்க எண் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயம்; அந்தக் காலத்து செவர்லே பிக்கப்பில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுதான் ஜாதகம். 3100 போன்ற 1951 அரை டன் வண்டியென்றால் முதலில் தொழிற்சாலை எண், பிறகு ஜே.பி. என்ற இரண்டு எழுத்து, அடுத்து மாதத்துக்கு ஓர் எழுத்து, கடைசியில் 1001இல் தொடங்கும் வரிசை எண். தொழிற்சாலை 8 என்றால் அட்லாண்டா, 5 கன்சாஸ் சிட்டி, 6 ஓக்லண்ட். 1950 மாடலுக்கு எச்.பி., 1952க்கு கே.பி. விளம்பரத்தில் போட்ட வருடம் உண்மையா என்பது இந்த இரண்டு எழுத்திலேயே தெரிந்துவிடும்.

விற்பவர் அனுப்பிய ரெஜிஸ்ட்ரேஷனில் ஜே.பி.யே இல்லை. அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் இன்ஜின் நம்பரையே வண்டி நம்பராகப் பதிவு செய்துகொண்டன. அதுவே வழிவழியாக வந்திருக்கிறது. சரி, இன்ஜினில் இருக்கும் என்று பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் பிளாக்கில் குத்தியிருந்ததும் வேறு எண். காரணம், 1951இல் வந்த 216 கன அங்குல இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பிந்தைய 235ஐ வைத்திருந்தார்கள். ஆக, பேப்பரில் இருந்த எண் வண்டியில் எங்குமே இல்லை. "யாரும் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்" என்றார் விற்பவர். பார்க்காமல் எப்படி? கலிஃபோர்னியாவில் வெளிமாநில வண்டிக்கு ரெக்-31 படிவத்தில் ஒருவர் தகட்டை நேரில் பார்த்து எண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேப்பரோடு அது ஒத்துப்போகாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். தகடே இல்லை, அல்லது நோண்டியிருக்கிறது என்றால் நெடுஞ்சாலைப் போலீஸ் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான்.

இதற்கு மருந்து, வண்டியை வாங்கும் மாநிலத்தில்தான் இருக்கிறது. வண்டி ஜார்ஜியாவை விட்டுக் கிளம்பிவிட்டால் விற்பவர் போனை எடுக்க மாட்டார். முழுப் பணத்தையும் கொடுக்காமல் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, உள்ளூர் போலீஸ் அதிகாரியிடம் வண்டியைக் காட்டி டி-22பி பரிசோதனைச் சான்று வாங்கச் சொல்லி, அதை வைத்து ரெஜிஸ்ட்ரேஷனில் எண்ணைத் திருத்தி வாங்க வைத்தேன். முறுமுறுத்தார், ஆனாலும் செய்தார். பாக்கிப் பணத்துக்கு இருக்கும் மரியாதையே தனி. இன்னொன்று: தகட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கழற்றவும் கழற்றாதீர்கள். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு மெதுவாகத் துடைத்தால் எழுத்து தெரியும். தேய்ந்த தகடு திருட்டு வண்டி மாதிரித்தான் தெரியும்.

இனி வண்டி. காந்தமும் பெயின்ட் தடிமன் மீட்டரும் கையில் இல்லாமல் பார்க்கப் போகாதீர்கள். மறுபடி பெயின்ட் அடித்த தகரம் 10, 12 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டினால் பரவாயில்லை. 30, 40ஐத் தாண்டினால் அடியில் பட்டி. கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழுள்ள ராக்கர், கேபின் முன் மவுன்ட், கால் வைக்கும் இடத்தின் பக்கப் பலகை ஆகியவைதான் முதலில் துருப்பிடிக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பு வழியாகச் சருகு விழுந்து, ஈரத்தோடு அங்கேயே தங்கிவிடும். இந்த வண்டியில் ஓட்டுநர் பக்க மூலை முழுக்கப் பட்டி. விலையில் குறைத்துக் கொடுத்தார்கள்.

216ஆ 235ஆ என்பதை வால்வு மூடியைப் பார்த்தே சொல்லலாம். 216இல் மூடியின் நடு உச்சியில் இரண்டு நட். பிந்தைய 235இல் விளிம்போரம் நான்கு ஸ்க்ரூ. 235 நல்ல மாற்றம்தான், பேரிங்குகளுக்கு முழு அழுத்தத்தில் ஆயில் போகும். ஆனால் டாஷ்போர்டில் பழைய 30 பவுண்டு ஆயில் கேஜை அப்படியே விட்டுவிடுவார்கள். முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டே நிற்கும், உண்மையான அழுத்தம் தெரியவே தெரியாது. 60 பவுண்டு கேஜ் மாற்றியே தீர வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். அதன் முன் சீல் தேய்ந்தால் கியர் பாக்ஸ் ஆயில் ஓசைப்படாமல் பின் ஆக்ஸிலுக்கு நகர்ந்துவிடும். தரையில் சொட்டு இல்லை என்று விற்பவர் பெருமைப்படுவார். இரண்டு பிளக்கையும் திறந்து பாருங்கள்: கியர் பாக்ஸில் குறைவாகவும் பின்னால் நிரம்பி வழிந்தும் இருந்தால் சீல் போயிற்று.

ஒரிஜினல் வயரிங் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் உடனே பேட்டரியைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் யாரோ 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள். 1/0 தடிமன் கேபிளும் சுத்தமான எர்த்தும் போட்டால் சரியாகிவிடும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில், ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போச்சு. 4.11 கியர் விகித ஆக்ஸிலோடு மணிக்கு 50 மைலுக்கு மேல் விரட்டினால் இன்ஜின் கத்தும், அது கோளாறு இல்லை.

லாரியில் ஏற்றும்போது ஒரு விஷயம்: உங்களோடு பேசுபவர் பெரும்பாலும் தரகர், வண்டிக்காரர் அல்ல. மலிவாகச் சொல்லி முன்பணம் வாங்கிவிட்டு, ஏற்றும் நாளில் விலையைக் கூட்டுவார்கள். ஏற்றிப் போகும் நிறுவனத்தின் யு.எஸ்.டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணையும் இன்சூரன்ஸையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் இன்சூரன்ஸை வண்டி ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையாக இருக்கட்டும். சாதாரணப் பாலிசியில் தேய்மானம் போக மிச்சம்தான் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை. வாங்கிய விலைக்கு 7.25 சதவீதமும் உள்ளூர் வரியும் கட்ட வேண்டும். கடைசி இடி எடைச் சீட்டு. இங்கே பிக்கப் என்றாலே வணிக வாகனம். வெளிமாநிலத்திலிருந்து வந்தால் அங்கீகரித்த எடைமேடையின் சான்றிதழ் இல்லாமல் பதிவு நகராது. "எல்லாப் பேப்பரும் ரெடி" பட்டியலில் இது இருக்கவே இல்லை. ஒரு நாள் வீண். வண்டியின் பின்பெட்டியைக் காலி செய்து, டேங்கில் 5 கேலன் அளவு பெட்ரோல் வைத்து, ஓட்டுநர் இறங்கிய பிறகு எடை போடச் சொல்லுங்கள். சீட்டில் வண்டி எண்ணைத் தகட்டில் உள்ளபடியே எழுத வைத்து, மேடையை விட்டு நகரும் முன் ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். தவறி எழுதியிருந்தால் அடித்துத் திருத்த விடாமல் புதுச் சீட்டாகவே கேட்டு வாங்குங்கள்.