காலி ட்ரம்

மும்பை சாக்கிநாக்காவில், பிளாஸ்டிக் உறைகளுக்கு அச்சு மை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சால்வென்ட் கிடங்கு, அதாவது மையைக் கரைக்கும் டொலுயீன் போன்ற திரவங்கள் இருக்கும் இடம், என் பொறுப்பு. புதிதாகச் சேரும் பையன்கள் நிறைந்த டொலுயீன் ட்ரம்மைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். காலி ட்ரம் மேல் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தப் பயத்தைச் சரியான பக்கம் திருப்புவதே எனக்குப் பெரிய வேலை.

டொலுயீன் ஆவி சுமார் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு எழும்பிவிடும். மும்பையில் ஜனவரி விடியற்காலைகூட அதைவிடச் சூடு. காற்றில் இந்த ஆவி ஏறக்குறைய 1.1 சதவீதத்திலிருந்து 7.1 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பெட்ரோல் டாங்கிக்குள் ஆவி மிகவும் அடர்ந்து காற்று போதாமல் இருப்பதால் சாதாரணமாக உள்ளே பற்றாது. டொலுயீன் அப்படியில்லை. இந்த ஊரின் 30 டிகிரி சூட்டில் மூடிய ட்ரம்முக்குள் ஆவி 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும், பற்றிக்கொள்ளத் தோதான அளவு. நிறைந்த ட்ரம்மில் மேலே அந்த ஆவிக்குக் கொஞ்சம்தான் இடம். காலியானதில் 200 லிட்டரும் அதுவே. அடியில் 10 மில்லி தங்கினாலே ஆவி அந்த 1.1 சதவீதக் கீழ் எல்லையைத் தொட்டுவிடும். கவிழ்த்து வடித்தாலும் விளிம்பு மடிப்பில் அவ்வளவு நிற்காது என்று யாரும் நம்பக் கூடாது.

ஊற்றும்போது வேறு கவலை. டொலுயீன் மின்சாரத்தைக் கடத்தாது. குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும். அதனால் மூடியைத் திறக்கும் முன், அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளாம்ப் மாட்டியாக வேண்டும். அதுவும் பெயின்ட் மேல் இல்லை, சுரண்டிய இரும்பில். பிளாஸ்டிக்கை எர்த் செய்ய முடியாது என்பதால் பிளாஸ்டிக் வாளியைக் கிடங்குக்குள்ளேயே விடுவதில்லை.

காலி ட்ரம் வாங்க தாராவியிலிருந்து திருநெல்வேலிக்காரர் ஒருவர் டெம்போவில் வருவார். மேல்தட்டை கேஸ் கட்டரால் வெட்டி விற்பது அந்தத் தொழிலில் நடப்பதுதான். "அண்ணாச்சி, இதுகிட்ட கட்டரைக் கொண்டு போகாதீங்க" என்றேன்.

"தண்ணி ஊத்தி நல்லா அலசிட்டுதானல வெட்டுதோம்" என்றார்.

டொலுயீன் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். அலசினால் கொஞ்சம் போகும், சுவரில் ஒட்டியது போகாது. ஆவியோ காற்றைவிட மூன்று மடங்கு கனம்; மூடி திறந்திருந்தாலும் சட்டென்று வெளியேறாது. மூக்கையும் நம்ப முடியாது, சற்று நேரத்தில் வாசனை பழகிவிடும். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "கழுவுற கூலிய யாரு தருவா?" என்றார். நியாயமான கேள்வி. விற்கிறவன்தான் தர வேண்டும் என்பது என் கட்சி. முதலாளியிடம் பல நாள் பேசி, நீராவி விட்டுக் கழுவி, உள்ளே ஆவி மிச்சம் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ட்ரம் வெளியே போகலாம் என்று ஆக்கினோம். குடிதண்ணீர் பிடிக்க விற்கக் கூடாது என்பதும் பேச்சு.

இப்போது சோதித்த சீட்டு இல்லாமல் அண்ணாச்சி எங்கள் ட்ரம்மை ஏற்றுவதில்லை. மற்ற கம்பெனிகளிலும் சீட்டு கேட்கிறார். பாதிப் பேர் தருவதில்லையாம்.